பெருந்தொற்று வந்தால் ஓய்வூதிய நிதியும் வேலையின்மை உதவி நிதியும் காலியாகிவிடுமா?

கேள்வி இதுதான்: கொரோனா போல இன்னொரு பெருந்தொற்று வந்தால் ஓய்வூதியம், வேலையின்மை உதவி, ரேஷன், வேலைத்திட்டம் போன்ற சமூகப் பாதுகாப்புத் திட்டங்களின் நிதிநிலை என்ன ஆகும்? கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா? பல ஆண்டுகள் சேமநிதிக் கணக்குகளோடு வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எல்லாம் காலியாகிவிடாது. ஆனால் ஒவ்வொரு திட்டத்துக்கும் பணம் எங்கிருந்து வருகிறதோ அதைப் பொறுத்து அடி விழும் இடமும் நேரமும் மாறும். சிலவற்றில் மூன்றே மாதத்தில் தெரிந்துவிடும். சிலவற்றில் முப்பது வருடம் கழித்துத்தான் தெரியும். எனக்கு அதிகக் கவலை இந்த இரண்டாவது வகை மேல்தான்.

பொதுவான பிரச்சினை வரவு குறைவதும் செலவு கூடுவதும் ஒரே நேரத்தில் நடப்பது. சம்பளத்தில் பிடிக்கும் சந்தாவில் ஓடும் திட்டத்துக்கு, வேலை போனவர் ஒவ்வொருவரும் இரட்டை நஷ்டம். அவருடைய சந்தா நின்றுபோகிறது, அவருக்கே உதவித்தொகையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. சாதாரணப் பொருளாதார மந்தத்திலும் இது நடப்பதுதான். பெருந்தொற்றில் வேகம் வேறு. அமெரிக்காவில் வேலையின்மை உதவிக்கு வரும் புதிய விண்ணப்பங்கள் 2020 தொடக்கத்தில் வாரத்துக்கு 2 லட்சத்தைச் சுற்றி இருந்தன. மார்ச் கடைசிக்குள் அது வாரத்துக்கு ஏறக்குறைய 60 லட்சமாகிவிட்டது. எந்தக் கையிருப்பையும் இந்த வேகத்துக்குத் திட்டமிட்டு யாரும் சேர்த்து வைப்பதில்லை.

அதனால் முதலில் கரைவது வேலையின்மை நிதிதான். ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 முடிவில் அந்நாட்டு மத்திய வேலைவாய்ப்பு முகமையிடம் ஏறக்குறைய 2,600 கோடி யூரோ கையிருப்பு இருந்தது. நல்ல காலத்தில் பொறுப்பாகச் சேர்த்த பணம். நிலைமை நன்றாக இருக்கிறதே என்று 2020 ஜனவரியில் சந்தாவை 2.4 சதவீதமாகக் குறைத்தார்கள். அப்புறம் தொற்று வந்தது. ஆட்களை வீட்டுக்கு அனுப்பாமல் வேலை நேரத்தை மட்டும் குறைத்து, இழந்த சம்பளத்தில் ஒரு பகுதியை முகமையே கொடுக்கும் திட்டத்தில் 2020 ஏப்ரலில் மட்டும் ஏறக்குறைய 60 லட்சம் பேர் இருந்தார்கள். கையிருப்பு கரைந்தது. மிச்சத்தை மத்திய அரசு பட்ஜெட்டிலிருந்து போட்டது. 2023 ஜனவரியில் சந்தா 2.6 சதவீதமாக ஏறியது.

இதைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. இப்படி ஒரு நாளில் செலவாவதற்காகவே சேர்த்த பணம் அது. லட்சக்கணக்கான பேர் வேலையை இழக்காமல் இருந்தார்கள், தொழிற்சாலைகள் திறந்தபோது அதே ஆட்கள் அதே இடத்துக்குத் திரும்பினார்கள். நிதி காலியானதா என்று கேட்பதை விட, காலியானதை யார், எப்போது நிரப்பினார்கள் என்று கேட்பதுதான் பயனுள்ள கேள்வி.

அந்தக் கேள்விக்கு அமெரிக்க மாநிலங்கள் கொடுத்த பதில் அவ்வளவு நன்றாக இல்லை. அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி வேலையின்மை நிதி. தீர்ந்துபோனால் மத்திய அரசிடம் கடன் வாங்கலாம். கலிஃபோர்னியா ஏறக்குறைய 2,000 கோடி டாலர் வாங்கியது. சில மாநிலங்கள் மத்திய நிவாரண நிதியைக் கொண்டு கடனை அடைத்துவிட்டன. அடைக்காத மாநிலங்களில், ஒவ்வொரு ஊழியருக்கும் முதலாளி கட்டும் மத்திய வேலையின்மை வரி ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். அதாவது தொற்று முடிந்து மீண்டும் ஆள் எடுக்கத் தொடங்கும் கடைக்காரர்தான் பழைய கடனைத் தலைக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். வேலை பெருக வேண்டிய நேரத்தில் வேலை கொடுப்பதன் மேல் வரி ஏறுகிறது. இந்த விதி மாற வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

சரி, ஓய்வூதியம்? பலரும் பயந்த அளவுக்கு இங்கே ஒன்றும் நடக்கவில்லை. அமெரிக்க அரசு ஓய்வூதியத்தைக் கொடுக்கும் சமூகப் பாதுகாப்பு நிதியின் அறங்காவலர்கள் ஆண்டுதோறும் ஓர் அறிக்கை தருவார்கள். தொற்றின் தாக்கத்தைக் கணக்கில் எடுக்காத 2020 அறிக்கை, கையிருப்பு 2035இல் தீரும் என்றது. 2021 அறிக்கையில் அது 2034. 2022 அறிக்கையில் மறுபடி 2035. ஒரு நூற்றாண்டில் பார்க்காத தொற்றுக்கு ஒரே ஒரு வருட அசைவு, அதுவும் திரும்பி வந்துவிட்டது. வேலை இழந்தவர்களில் பெரும்பாலானோர் குறைந்த சம்பளக்காரர்கள் என்பது இதற்கு ஒரு காரணம். ஆட்களின் எண்ணிக்கை குறைந்த அளவுக்கு மொத்தச் சம்பளம் குறையவில்லை, சந்தாவும் குறையவில்லை. அரசு கொட்டிய பணத்தால் வேலைவாய்ப்பு மீண்டதும் வேகமாகவே நடந்தது. ஏழைகள் மேல் அடி விழுந்ததால் நிதி தப்பித்தது என்று கூடச் சொல்லலாம். சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

இன்னொன்றையும் இங்கே தெளிவாக்கிவிடுகிறேன். கையிருப்பு தீர்ந்தால் ஓய்வூதியம் நின்றுபோகும் என்று அர்த்தமில்லை. இன்று வேலை செய்பவர்களின் சந்தாதான் இன்று ஓய்வு பெற்றவர்களுக்குப் போகிறது. பற்றாக்குறையை ஈடுகட்டத்தான் கையிருப்பு. அது தீர்ந்தாலும் அப்போதைய சந்தாவை வைத்தே ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கொடுக்க முடியும் என்று அதே அறிக்கைகள் சொல்கின்றன. ஐந்தில் ஒரு பங்கு வெட்டு என்பது வயதானவர்களுக்குப் பெரிய அடிதான். ஆனால் "ஒன்றும் கிடைக்காது" என்பது தவறான பயம்.

ஓய்வூதியத்தில் கவனிக்க வேண்டியது விதிகளுக்குள் ஒளிந்திருக்கும் ஓட்டைகளை. அமெரிக்காவில் ஒருவருடைய பழைய சம்பளங்களை, அவருக்கு 60 வயதாகும் ஆண்டின் தேசிய சராசரி ஊதியத்தை வைத்து மதிப்பேற்றி, அதிலிருந்துதான் ஓய்வூதியத்தைக் கணக்கிடுவார்கள். 2020இல் அந்தச் சராசரி சரிந்திருந்தால், 1960இல் பிறந்த ஒரே குற்றத்துக்காக ஒரு தலைமுறைக்கே ஆயுள் முழுக்க ஓய்வூதியம் குறைந்திருக்கும். பெரிய பயம் அது. கடைசியில் சராசரி 2.83 சதவீதம் ஏறியது. ஆனால் 2009இல் அதே அளவீடு 1.5 சதவீதம் இறங்கியிருக்கிறது. ஓட்டை அப்படியே இருக்கிறது.

செலவு கூடியது தாமதமாகத்தான். தொற்றுக்குப் பின் எழுந்த விலைவாசிக்கு ஈடாக அமெரிக்க ஓய்வூதியம் 2022க்கு 5.9 சதவீதமும் 2023க்கு 8.7 சதவீதமும் உயர்த்தப்பட்டது. 1981க்குப் பிறகு அவ்வளவு பெரிய உயர்வு இல்லை. முதியவர்களுக்கு அது கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் தொற்றின் செலவை 2020 கணக்கில் மட்டும் தேடுபவர்களுக்கு இது கண்ணில் படாது.

மரணங்களைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதில் முழுமையாகாது. முதியவர்கள் அதிகம் இறந்தால் ஓய்வூதியச் செலவு குறையும். குடும்ப ஓய்வூதியமும் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கான உதவியும் கூடும். உடல் இயலாதோர் உதவியின் கதை இன்னும் சிக்கல். அமெரிக்காவில் அதற்கான விண்ணப்பங்கள் பல ஆண்டுகளாகவே குறைந்து வந்தன, தொற்றுக் காலத்தில் மேலும் குறைந்தன. 2020 மார்ச் முதல் 2022 ஏப்ரல் வரை உள்ளூர் அலுவலகங்களுக்கு முன்பதிவில்லாமல் நேரில் போக முடியாது. 2021 அறிக்கையில் 2057இல் தீரும் என்றிருந்த அந்த நிதி, 2022 அறிக்கையில் 75 ஆண்டுகளுக்கும் தீராது என்று ஆனது. விண்ணப்பம் குறைந்ததும் அதற்கு ஒரு காரணம். வைரஸ் பலரை நீண்டகால நோயாளிகளாக்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில் நிதி ஆரோக்கியமாகத் தெரிகிறது! அலுவலகத்துக்கு வர முடியாதவர் கேட்காமல் விட்ட பணமும் கணக்கில் மிச்சமாகத்தான் பதிவாகும். அதனால்தான் கையிருப்பு கூடிய செய்தியைப் பார்த்தவுடன் மகிழ எனக்கு மனம் வருவதில்லை.

வரிப்பணத்தில் ஓடும் திட்டங்களுக்குக் கையிருப்பு என்று ஒன்று கிடையாது, பட்ஜெட்தான். இந்தியாவின் நூறு நாள் வேலைத்திட்டத்துக்கு 2020-21 பட்ஜெட்டில் 61,500 கோடி ரூபாய். 2020 மே மாதம் இன்னொரு 40,000 கோடி சேர்த்தார்கள். நகரங்களிலிருந்து கிராமத்துக்குத் திரும்பியவர்களுக்கு அது பெரிய ஆதாரமாக இருந்தது. அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் 73,000 கோடி மட்டும் ஒதுக்கினார்கள். வேலை கேட்டு வந்தவர்கள் அந்த அளவுக்குக் குறையவில்லை, திருத்திய மதிப்பீட்டில் 98,000 கோடியாக உயர்த்த வேண்டியிருந்தது. தொற்று முடிந்துவிட்டது என்று பட்ஜெட் எழுதுபவர்கள் முடிவு செய்யும் தேதியும், குடும்பங்கள் மீளும் தேதியும் ஒன்றாக இருப்பதில்லை.

2020-21இல் இந்தியாவின் உணவு மானியம் 1.15 லட்சம் கோடியிலிருந்து திருத்திய மதிப்பீட்டில் 4.22 லட்சம் கோடியானது. ஏறக்குறைய 80 கோடிப் பேருக்கு மாதம் 5 கிலோ தானியம் இலவசமாகக் கொடுத்ததால் என்று பலர் நினைத்தார்கள். ஓரளவு உண்மை. ஆனால் இந்திய உணவுக் கழகம் பல ஆண்டுகளாக வாங்கி வந்த கடனையும் அந்த ஆண்டில் அரசு தன் கணக்கில் ஏற்றி அடைத்தது. பழைய சுமையும் புதுச் சுமையும் ஒரே எண்ணில் கலந்துவிட்டன. இப்படிப்பட்ட எண்களைப் பார்க்கும்போது, இதில் தொற்றுக்கான செலவு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

சந்தாவும் கட்டாத, எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாதவர்கள் பற்றிச் சுருக்கமாக: பிரேசில் மாதம் 600 ரியால் வீதம் ஏறக்குறைய 6.7 கோடிப் பேருக்குக் கொடுத்தது. அவர்களில் பலர் அதற்கு முன் அரசின் எந்த உதவிப் பதிவேட்டிலும் இல்லாதவர்கள். வேகமாகச் செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி.

இனி நான் முதலில் சொன்ன முப்பது வருட விஷயம். அவரவர் பெயரில் தனிக்கணக்காகச் சேரும் சேமநிதித் திட்டங்களில், தொற்றின்போது பல அரசுகள் ஒரே வழியைப் பிடித்தன: உங்கள் பணத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் வருங்கால வைப்பு நிதியிலிருந்து இருப்பில் 75 சதவீதம் அல்லது மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும், இதில் எது குறைவோ அதை எடுக்கலாம் என்றார்கள். 2020 மே முதல் ஜூலை வரை பெரும்பாலான நிறுவனங்களில் சந்தாவும் 12இலிருந்து 10 சதவீதமாகக் குறைந்தது. ஆஸ்திரேலியாவில் இரண்டு தவணையாக 10,000 டாலர் வீதம் எடுக்க விட்டார்கள். மொத்தம் ஏறக்குறைய 3,600 கோடி ஆஸ்திரேலிய டாலர் வெளியேறியது. சிலியில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 10 சதவீதம், மொத்தம் ஏறக்குறைய 5,000 கோடி அமெரிக்க டாலர். இருப்பு மிகக் குறைவு என்றால் முழுவதையும் எடுக்க விட்டதால், குறைந்த சேமிப்பு வைத்திருந்த பலருடைய கணக்கு சுத்தமாகக் காலியானது.

இதில் திட்டத்தின் ஏடுகளில் பற்றாக்குறை என்று ஒரு பைசா தெரியாது. எடுத்தவரின் இருப்பு குறைந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் 30 வயதில் எடுத்த 10,000, ஆண்டுக்கு 8 சதவீத வட்டியில் இருந்திருந்தால் 60 வயதில் ஏறக்குறைய ஒரு லட்சம். பட்டினியைத் தவிர்க்க எடுத்தவரை யாரும் குறை சொல்ல முடியாது, நானும் எடுத்திருப்பேன். என் கோபம் வேறு வழி கொடுக்காத அரசுகள் மேல். தொற்று என்பது சமூகம் முழுவதும் சேர்ந்து தாங்க வேண்டிய சுமை. அதைச் சம்பளம் குறைந்தவர்களின் முதுமையிலிருந்து எடுத்து அடைத்தார்கள். சிலி 2022இல் வரிப்பணத்திலிருந்து ஒரு பொது அடிப்படை ஓய்வூதியத்தைக் கொண்டுவந்தது. கணக்கு காலியானவர்கள் முதுமையடையும்போது மற்ற நாடுகளிலும் பொதுக் கஜானாதான் கைகொடுக்க வேண்டிவரும்.

வேறு வழி இருந்தது. அமெரிக்காவில் 2020 மார்ச் நிவாரணச் சட்டம், சமூகப் பாதுகாப்பு வரியில் தம் பங்கைத் தள்ளிக் கட்ட முதலாளிகளை அனுமதித்தது. ஆனால் அந்தத் தொகையைப் பொதுக் கஜானாவிலிருந்து நிதிக்கு உடனே ஈடுசெய்யவும் அதே சட்டம் ஏற்பாடு செய்தது. தொழிலுக்குச் சலுகை கிடைத்தது, ஓய்வூதிய நிதிக்கு இழப்பு வரவில்லை. சேமநிதிச் சந்தாவைக் குறைத்த எல்லா நாடுகளும் இதைச் செய்திருக்கலாம்.

உங்கள் சொந்த நிலையைத் தெரிந்துகொள்ள, நீங்கள் கட்டும் திட்டம் எந்த வகை என்று முதலில் பாருங்கள். பொது நிதியில் சேரும் சந்தா என்றால், பற்றாக்குறை வந்தால் அரசு ஈடுகட்ட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். உங்கள் பெயரில் தனிக்கணக்கு என்றால், கொரோனா காலத்தில் எடுத்த தொகையை எழுதிவைத்துக்கொண்டு, இப்போது முடிந்த அளவு கூடுதல் சந்தாவாகத் திரும்பப் போட விதி இடம் கொடுக்கிறதா என்று உங்கள் சம்பளப் பிரிவில் கேளுங்கள். சின்னத் தொகையாக இருந்தாலும் சீக்கிரம் போட்டால்தான் வட்டி வேலை செய்ய வருடங்கள் கிடைக்கும்.