புல்லட் ரயிலைச் சுற்றிக் காற்றோட்டம்: கல்லூரி ப்ராஜெக்ட்டுக்கு லேப்டாப்பில் சிமுலேஷன் செய்ய முடியுமா?

இறுதியாண்டு என்கிறீர்கள். கைடு தலைப்பைத் தலையில் கட்டிவிட்டுப் போயிருப்பார். நானும் அந்த வழியாக வந்தவன்தான், இப்போது சம்பளத்துக்கு இதையே செய்கிறேன்.

முடியும். ஆனால் திறந்தவெளியில் ஓடும் ரயிலை எடுக்காதீர்கள். 16 பெட்டி, 400 மீட்டர் நீள ரயிலில் காற்றுத்தடையின் பெரும்பங்கு பக்கவாட்டு உரசலாலும் அடியில் சக்கரங்கள் இருக்கும் பகுதியாலும் வருவது. மூக்கின் பங்கு குறைவு. அடிப்பகுதியை ஒழுங்காக மெஷ் செய்ய, அதாவது காற்றுள்ள இடத்தைக் கணக்குக்காகச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்க, லேப்டாப் தாங்காது. அதனால் பலரும் ரயிலை இரண்டு பெட்டியாக வெட்டி, அடியை வழவழப்பாக்கி, அழுத்தம் அதிகமான மூக்கில் சிவப்பு வரும்படி ஒரு படம் போட்டு முடித்துவிடுகிறார்கள்.

என் ப்ராஜெக்ட்டில் தரையையும் நகர வைத்திருந்தேன். ரயிலை நிறுத்திக் காற்றை வீசவிட்டால், தரையும் காற்றோடு அதே வேகத்தில் போக வேண்டும். இல்லாவிட்டால் அடியில் ஓடும் காற்று பொய். வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) வந்தவர் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. "மீன்கொத்தி அலகைப் பார்த்துத்தானே ஜப்பான்காரன் செஞ்சான், இதுக்கு எதுக்குப்பா கணக்கு?" என்றார். இன்றைக்கும் எரிகிறது.

மீன்கொத்திக் கதை பொய் என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். 1997இல் மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் ஓட வந்த 500 வரிசை ஷின்கான்சென்னில் (ஜப்பானின் புல்லட் ரயில்) வேலை செய்த எய்ஜி நகாட்சு பறவை ஆர்வலர்தான். ஆனால் அந்த ரயிலை வடிவமைத்தவர்களை உலுக்கியது சுரங்கப்பாதை. ரயில் உள்ளே நுழைந்ததும் ஒரு அழுத்த அலை ஒலிவேகத்தில் முன்னால் ஓடி, நீண்ட சுரங்கத்தில் போகப்போகச் செங்குத்தாகி, மறுவாயில் வெடிச்சத்தமாக வெளியேறும். குழாய்க்குள் பல வடிவ மாதிரிகளைத் துப்பாக்கிக் குண்டுபோலச் சுட்டு அளந்தார்கள், கணினியிலும் போட்டுப் பார்த்தார்கள். 15 மீட்டர் மூக்கு அப்படித்தான் வந்தது. அந்த மூக்கு முதல் பெட்டியின் இருக்கைகளைத் தின்றது. 2007இல் வந்த என்700 என்ற அடுத்த ஷின்கான்சென் அதை 10.7 மீட்டராகச் சுருக்கியது. அந்த வடிவத்தைத் தேடிக் கொடுத்தது மரபணு அல்காரிதம், அதாவது பல வடிவங்களைக் கலந்து நல்லதை மட்டும் தக்கவைத்துக்கொண்டே போகும் கணினி முறை. அங்கே எந்தப் பறவையும் இல்லை.

ஆக, சுரங்க நுழைவை எடுங்கள். ரயிலையும் சுரங்கத்தையும் அச்சுச் சமச்சீராக, அதாவது நடு அச்சைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரேபோல உருண்டையாக, வைத்துக்கொண்டு இருபரிமாணத்திலேயே கணக்குப் போடலாம், இரண்டு குறுக்குவெட்டுகளுக்கும் உள்ள விகிதம் மட்டும் மாறக்கூடாது. மூக்கின் குறுக்குவெட்டுப் பரப்பு எப்படிப் படிப்படியாகக் கூடுகிறது என்பதுதான் முக்கியம், லேப்டாப் தாங்கும். 300 கி.மீ. என்பது ஒலிவேகத்தில் கால்பங்குதானே என்று அமுக்கமுறாக் காற்றாக (அடர்த்தி மாறாத காற்றாக) எடுத்துவிடாதீர்கள். திறந்தவெளியில் அது செல்லும். சுரங்கத்தில் அப்படி எடுத்தால் அந்த அழுத்த அலையே வராது. ரயிலும் மெஷ்ஷோடு நிஜமாக நகர வேண்டும்.

முப்பரிமாணம் இல்லையே என்று இங்கேயே யாராவது வருவார்கள். தெரியும் ஐயா, கேட்டவரிடம் இருப்பது லேப்டாப்.

சரிபார்க்க ஒரு வழி: ரயிலின் வேகத்தை 200இலிருந்து 300 ஆக்கினால், நுழைவில் அழுத்தம் ஏறும் வேகம் ஏறத்தாழ ரயில் வேகத்தின் மும்மடிப்பெருக்கில், அதாவது மூன்றரை மடங்குக்குப் பக்கத்தில் கூட வேண்டும். வரவில்லையென்றால் மெஷ்ஷைப் பாருங்கள்.

அப்புறம், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ப்ராஜெக்ட் விற்கும் கடைகளுக்குப் போகாதீர்கள். என் வகுப்பில் காசு கொடுத்து வாங்கியவனுக்கு என்னைவிட அதிக மதிப்பெண். என் ஃபைலையும் கேட்காதீர்கள், தரமாட்டேன்.