பழம் போட்டு மெதுவாக வெந்த பன்றிக்கறி: ஏ.ஐ.பி. உணவுக்காரர்களின் கேள்விகள்

ஆட்டோ இம்யூன் நோய்களுக்கான (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்கள்) ஏ.ஐ.பி. உணவுமுறையில் இருப்பவர்களுக்காக நான் போட்ட குறிப்பு சுருக்கமாக: ஒன்றரை கிலோ பன்றித் தோள்பட்டைக் கறி, இரண்டு ஆப்பிள், ஒரு பெரிய வெங்காயம், ஆறு பல் பூண்டு, இரண்டு அங்குல இஞ்சி, அரை ஸ்பூன் மஞ்சள், ஒரு துண்டு பட்டை, உப்பு, இரண்டு மேசைக்கரண்டி ஆப்பிள் சைடர் வினிகர், அரை கப் தண்ணீர். ஸ்லோ குக்கரில் குறைந்த சூட்டில் எட்டு முதல் பத்து மணி நேரம். அதற்கு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மிளகாய் இல்லை, தக்காளி இல்லை, சீரகமும் மிளகும்கூட இல்லை. இதில் என்ன ருசி இருக்கும்?

நியாயமான கோபம். இந்த முறையில் சில உணவுகளைக் கொஞ்ச காலம் விலக்கி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பார்கள். விலக்கும் முதல் கட்டத்தில் தானியம், பருப்பு, பால், முட்டை, கொட்டைகள், விதைகள் எல்லாம் போய்விடும். தக்காளி, கத்தரி, உருளை, மிளகாய் ஆகியவை ஒரே குடும்பம் என்பதால் அவையும் போகும். விதை என்ற கணக்கில் மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம்.

பழம் வருவது அந்த இடத்துக்குத்தான். தக்காளி ஒரு குழம்புக்குக் கொடுப்பது புளிப்பு, கொஞ்சம் இனிப்பு, அப்புறம் கெட்டித்தன்மை. ஆப்பிளும் வினிகரும் சேர்ந்தால் இந்த மூன்றும் கிடைத்துவிடும். ஆப்பிளில் உள்ள பெக்டின் சாற்றைக் கெட்டியாக்கும். காரத்துக்கு இஞ்சியைத் தாராளமாகப் போடுங்கள். பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை, மல்லித்தழை எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு. இனிப்பு தூக்கலாகத் தெரிந்தால் இறக்கும்போது இன்னும் ஒரு ஸ்பூன் வினிகர் விடுங்கள், சரியாகிவிடும்.

ஆறு மணி நேரம் ஆகியும் கறி ரப்பர் மாதிரி இருந்தது. அதிகமாக வெந்துவிட்டதா அக்கா?

இல்லை, இன்னும் வேகவில்லை. பலரும் இந்த இடத்தில் பயந்து அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். முழுத் துண்டு பன்றிக்கறி உள்ளே 63 டிகிரி செல்சியஸைத் தொட்டு மூன்று நிமிடம் இருந்தாலே பாதுகாப்பாக உண்ணலாம். ஆனால் தோள்பட்டை அந்தச் சூட்டில் மெல்லவே முடியாது. அதில் இருக்கும் கொலாஜன் என்ற இணைப்புத் திசு மெதுவாகக் கரைந்து ஜெலட்டினாக மாற வேண்டும். அதற்கு நேரம் வேண்டும், 90 டிகிரிக்கு மேல் சூடும் வேண்டும்.

கடிகாரத்தை நம்பாமல் முள்கரண்டியை நம்புங்கள். குத்தித் திருப்பினால் கை வலிக்காமல் நார் நாராகப் பிரிய வேண்டும். எலும்புள்ள துண்டு என்றால் எலும்பை இழுத்துப் பாருங்கள். கறி ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் முடிந்தது. அதுவரை மூடியை அடிக்கடி திறக்காதீர்கள், திறக்கும்போதெல்லாம் சூடு இறங்கும்.

முதுகுக்கறியில் இதைச் செய்யாதீர்கள். அதில் கொழுப்பும் கொலாஜனும் குறைவு, எவ்வளவு நேரம் வைத்தாலும் வறண்டுதான் போகும்.

ஆப்பிளுக்குப் பதில் அன்னாசி?

போடலாம், ஆனால் பச்சையாக ஊறவைக்க வேண்டாம். பச்சை அன்னாசியில் உள்ள புரோமெலைன் என்ற நொதி புரதத்தை அரிக்கும். ஸ்லோ குக்கர் மெதுவாகச் சூடேறுவதால் அதற்கு வேலை செய்ய நிறைய அவகாசம் கிடைக்கும். கறியின் மேல்பகுதி நார் பிரியாமல் மாவாகிவிடும். தனியாக ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டுச் சேர்த்தால் தொல்லை இல்லை. பப்பாளிக்காய்க்கும் இதே கதை.

என் ஓட்டு பேரிக்காய்க்கு. துண்டு துண்டாகத் தெரிய வேண்டுமென்றால் கடைசி முக்கால் மணி நேரத்தில் போடுங்கள்.

ஆப்பிள், வெங்காயம், பூண்டு மூன்றுமே எனக்கு வயிற்றை ஊதவைக்கும். ஏ.ஐ.பி.யில் அனுமதி உண்டே?

அனுமதி இருப்பதாலேயே உங்கள் குடலுக்கு ஒத்துக்கொள்ளும் என்று அர்த்தமில்லை. குடலில் புளித்து வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகள் இந்த மூன்றிலும் அதிகம், பேரிக்காயிலும்தான். வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியையும், பழத்துக்குக் கொதிக்கவைத்த அன்னாசியையும் போட்டுப் பாருங்கள்.

உலர்ந்த பிளம்ஸ் போடலாமா?

நாலைந்து போதும். சர்க்கரையோ, கெடாமலிருக்கப் போடும் சல்பைட்டோ சேர்க்காததாகப் பாருங்கள்.

இதைச் சாப்பிட்டால் தைராய்டு மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. 2017இல் குடல் அழற்சி நோயாளிகள் 15 பேரை இந்த உணவுமுறையில் வைத்துச் செய்த ஆய்வில் 11 பேருக்கு ஆறாவது வாரத்தில் நோய் தணிந்திருந்தது. 2019இல் ஹஷிமோட்டோ என்ற ஆட்டோ இம்யூன் தைராய்டு நோய் உள்ள 17 பெண்கள் பத்து வாரம் இதில் இருந்து பார்த்தார்கள். உடல் உபாதைகள் குறைந்தன, ஆனால் தைராய்டு ரத்த அளவுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இரண்டுமே சிறிய ஆய்வுகள், ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை. நம்பிக்கை வைக்கலாம், மாத்திரையைத் தூக்கிப் போட அது போதாது.

ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது ரத்தச் சர்க்கரையை ஏற்றும். இந்தச் சட்டியை ஆறு பேர் சாப்பிட்டால் தலைக்கு மூன்றில் ஒரு பங்கு ஆப்பிள்தான் வரும், பயமில்லை. தேனும் பிளம்ஸும் சேர்த்தால் கணக்கு மாறும்.

எவ்வளவு காலம் இப்படியே சாப்பிடுவது?

ஆயுசுக்கும் இல்லை. வழக்கமாக ஒன்று முதல் மூன்று மாதம். உடம்பு தேறியது தெரிந்தால் விலக்கியதை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, அடுத்ததற்குப் போகுமுன் ஐந்தாறு நாள் கவனிக்க வேண்டும். விதை மசாலாக்கள் முதல் சுற்றிலேயே வரும், அதனால் சீரகத்துக்கு ரொம்ப நாள் ஏங்க வேண்டியதில்லை. தேறவே இல்லையென்றால் பட்டியலை இன்னும் குறுக்காமல், டாக்டரையும் உணவியல் நிபுணரையும் பாருங்கள். மாதக்கணக்கில் குறைத்துச் சாப்பிட்டால் சத்துக்குறைவு வரும்.

ஞாயிறு செய்து வாரம் முழுக்க வைத்துக்கொள்ளலாமா?

மூன்று நாலு நாள் ஃபிரிட்ஜில், மீதியை அன்றைக்கே ஃபிரீசரில். நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் இதில் கறாராக இருக்கணும். பெரிய சட்டியோடு ஆறவிடாமல் தட்டையான டப்பாக்களில் பிரித்து இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வையுங்கள். உறைந்த கறியை அப்படியே ஸ்லோ குக்கரில் போடுவதும் தப்பு. கிருமி வளரும் சூட்டில் ரொம்ப நேரம் நிற்கும்.

மறுநாள் மேலே வெள்ளையாக உறைந்திருக்கும் கொழுப்பை ஸ்பூனால் வழித்து எடுங்கள். கொட்டிவிடாதீர்கள், காய் வதக்க அருமையாக இருக்கும்.

ஸ்லோ குக்கர் இல்லை, பிரஷர் குக்கர்தான் இருக்கிறது.

போதும். இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டி, சட்டியில் சிவக்க வறுத்து, ஒரு கப் தண்ணீரோடு முக்கால் மணி நேரம் வையுங்கள். விசிலை எண்ண வேண்டாம், பிரஷர் தானாக அடங்கட்டும். பழத்தை மூடி திறந்த பிறகு போட்டு, சாறு சுண்டும்வரை கொதிக்கவிடுங்கள்.