பழைய அம்பாசிடர் காரில் ஒரு பக்க இண்டிகேட்டர் மட்டும் சிமிட்டாமல் நின்று எரிவது ஏன்?

இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கும் சிறு உருளைக்கு பிளாஷர் என்று பெயர். பழைய கார்களில் அதனுள் இருப்பது வெப்பத்தால் வளையும் உலோகத் தகடு. பல்புகளுக்குச் செல்லும் மின்னோட்டமே அதைச் சூடாக்கி வளைத்துத் தொடர்பைத் துண்டிக்க, ஆறியதும் அது மீண்டும் தொட்டுக்கொள்கிறது. இஸ்திரிப் பெட்டி தானாக அணைந்து எரிவதும் இப்படிச் சூட்டில் வளையும் தகட்டால்தான். 12 வோல்ட்டில் 21 வாட் பல்புகள் இரண்டு எரிந்தால் சுமார் 3.5 ஆம்பியர் பாயும். ஒன்று எரியாவிட்டால் அது பாதியாகி, தகடு வளையுமளவுக்குச் சூடேறாது.

எனவே முதலில் அந்தப் பக்கத்தின் முன், பின் பல்புகளைப் பாருங்கள். பல்பு நன்றாக இருந்தும் ஒளி மங்கினால், ஹோல்டரில் படிந்த பச்சைக் களிம்பையும், எர்த் ஒயர் பாடியைத் தொடும் இடத்திலுள்ள துருவையும் உப்புத்தாளால் தேய்த்தெடுங்கள். பெரும்பாலும் குறை அங்கேதான் இருக்கும்.

பிளாஷரை மாற்றினால் சரியாகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் இரு பக்கத்துக்கும் பிளாஷர் ஒன்றே என்பதால், மறுபக்கம் ஒழுங்காகச் சிமிட்டும்வரை அது கெடவில்லை.