காட்டுப்பூவரசும் அசேலியாவும்: கேள்வி பதில்

கோத்தகிரி: ஜனவரியில் புல்வெளி ஓரம் ரத்தச் சிவப்பாகப் பூத்து நிற்கிறதே, அது அசேலியாவா, அண்ணா?

அது காட்டுப்பூவரசு. நீலகிரி, பழநி, ஆனைமலை உயரங்களுக்கே உரிய ரோடோடென்ட்ரான் துணையினம். தோட்டத்து அசேலியாவும் அதே பேரினம்தான். ஆனால் அதன் பூர்வீகம் சீனாவும் ஜப்பானும். ‘இந்தியன் அசேலியா’ என்ற பெயரை நம்ப வேண்டாம். ஊர்ப் பூவரசுக்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஒரு பூவைக் கையில் எடுத்து மகரந்தத் தாள்களை எண்ணுங்கள். காட்டுப்பூவரசில் 10, தோட்டத்து ஒற்றையடுக்கு அசேலியாவில் பெரும்பாலும் 5. காட்டுப்பூவரசின் மணி போன்ற பூவின் அடியில் தேன் நிற்கும் 5 குழிகள் இருக்கும். தேன்சிட்டும் வெள்ளைக்கண்ணியும் தலையை உள்ளே விடுவது அதற்காகத்தான். இலையைத் திருப்பினால் துரு நிறத்தில் மெத்தென்ற படலம். பட்டை தக்கை போலத் தடித்தது. புல்வெளி எரிந்தாலும் மரம் பிழைத்து நிற்பது அதனால்தான்.

சென்னை: மொட்டைமாடித் தொட்டியில் வருமா?

வராது. வேர் குளிர்ச்சி கேட்கும் செடி. செம்பருத்தி வையுங்கள்.

கொடைக்கானல்: நர்சரியில் வாங்கி வைத்த 3 அசேலியாவும் ஒரு வருடத்தில் போய்விட்டன. எப்படி நட வேண்டும்?

ஆழமாக நட்டிருப்பீர்கள். இதன் வேர் தலைமயிர் மாதிரி மெல்லியது, கீழே இறங்காது. காட்டில் மக்கிய சருகு அடுக்கிலேயே படர்ந்து கிடக்கும், ஒரு வகைப் பூஞ்சையோடு கூட்டுச் சேர்ந்துதான் சத்து எடுக்கும். அந்தச் சருகு மெத்தையைத் தோட்டத்தில் உண்டாக்கினால் பாதி வேலை முடிந்தது.

ஜூன் சாரலோடு நடுங்கள். காலை வெயில் பட்டு மதியம் நிழல் விழும் இடம் நல்லது. தொட்டியோடு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி நிற்கும்வரை ஊற விடுங்கள். காய்ந்த வேர்க்கட்டி மண்ணுக்குள் போனபின் நனையவே நனையாது. வெளியே எடுத்துப் பார்த்தால் வேர் சுற்றிச் சுற்றிப் பின்னியிருக்கும். 3, 4 இடத்தில் மேலிருந்து கீழாக 1 செ.மீ. ஆழம் கத்தியால் கீறுங்கள். இதற்குத் தயங்குபவர்கள்தான் அதிகம். கீறாவிட்டால் 2 வருடம் கழித்தும் வேர் தொட்டி வடிவத்திலேயே இருக்கும்.

குழி அகலம் வேர்க்கட்டியைப் போல 3 மடங்கு. ஆழம் அதைவிடக் குறைவு: கட்டியின் மேல்பகுதி தரைக்கு மேல் 3 முதல் 5 செ.மீ. தெரிய வேண்டும். இலைமக்கு ஒரு பங்கு, மேல்மண் ஒரு பங்கு கலந்து சுற்றிலும் சரிவாக அணைத்து, பைன் ஊசிச் சருகை 5 முதல் 8 செ.மீ. பரப்புங்கள். தண்டை ஒட்டிச் சருகு வேண்டாம், அழுகும். களையைக் கையால் பிடுங்குங்கள், கொத்தினால் வேர் போச்சு.

ஊட்டி: புதிதாகப் பூசிய மதில் ஓரம் உள்ள செடிகளில் இளம் இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. யூரியா போடலாமா?

வேண்டாம், இது தழைச்சத்துக் குறை இல்லை. சிமென்ட்டில் இருந்து சுண்ணாம்பு இறங்கி மண்ணின் பி.ஹெச். (அமில-காரத் தன்மையின் அளவு) ஏறியிருக்கும். இச்செடிக்கு 4.5 முதல் 5.5 வரை இருக்க வேண்டும். ஏறினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது.

உடனடி நிவாரணம்: லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து மாலையில் இலையில் தெளியுங்கள். மதிலில் பட்டால் துருக்கறை படியும். நிரந்தரத் தீர்வுக்குச் சதுர மீட்டருக்கு 50 கிராம் கந்தகத் தூள். அது வேலை செய்யச் சில மாதம் ஆகும். சிறிய செடி என்றால் மதிலை விட்டு ஒன்றரை மீட்டர் தள்ளி நடுவதே மேல். அடுப்புச் சாம்பல் கொட்டும் பழக்கத்தையும் நிறுத்துங்கள்.

குன்னூர்: இலைகள் ஊதி, தடித்து, வெளிறிப் போகின்றன.

தேயிலைக் கொப்புள நோயின் பங்காளிப் பூஞ்சை. மேலே வெள்ளைப் பொடி படியும் முன்பே கிள்ளி எரித்துவிடுங்கள், பொடிதான் வித்து. மாலையில் இலை நனையத் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

அவலாஞ்சி: சோலையில் இருந்து காட்டுப்பூவரசுக் கன்று எடுத்து வரலாமா?

காப்புக்காட்டில் பிடுங்குவது சட்டப்படி குற்றம். பிடுங்கினாலும் வேர் அறுந்து சாகும். தோட்ட மரத்தில் காய் பழுப்பாகி நுனி வெடிக்கும்போது விதை எடுங்கள், தூசு போல இருக்கும். சலித்த பாசியின் மேல் தூவி மூடாமல் விடுங்கள், முளைக்க வெளிச்சம் வேண்டும். மேலே கண்ணாடி வைத்தால் 3, 4 வாரத்தில் பச்சை தெரியும். பூவுக்குப் பத்து வருடமாவது பொறுங்கள்.

நுவரெலியா: ஹோர்ட்டன் சமவெளியில் சிங்களத்தில் மகா ரத்மல் என்பது இதுதானா?

ஒரே இனம், வேறு துணையினம். உங்கள் மரத்தின் இலை மேற்புறம் சுருக்கம் விழுந்து மேடு பள்ளமாக இருக்கும்.

கேத்தி: எப்போது கவாத்து செய்வது? வெட்டிய தழையை ஆட்டுக்குப் போடலாமா?

பூ உதிர்ந்ததும், அடுத்த மொட்டு கட்டும் முன். தாமதித்தால் வரும் வருடப் பூவைத்தான் வெட்டுகிறீர்கள். ஆட்டுக்குக் கூடாது, தழை நஞ்சு. தின்ற ஆடு எச்சில் வடித்து, வாந்தி எடுத்து, தள்ளாடும். கண்டால் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வெட்டியதை வேலிக்கு வெளியேயும் எறியாதீர்கள்.