டிங்கிள் பக்கத்துக் காட்டேஜ்: மேப் புல்வெளியில் கொண்டுபோய் நிறுத்துகிறதா?

காட்டேஜ் உரிமையாளரிடம் ஏர்கோடை (அயர்லாந்தின் அஞ்சல் குறியீடு) கேட்டு வாங்கி, அதை மட்டும் மேப்பில் போடுங்கள். புக்கிங்கில் உள்ள முகவரி வேண்டாம்.

காட்டேஜ் முகவரியைப் போட்டால், டிங்கிளுக்கு மேற்கே டன்குவின் கிராமத்தருகே வெறும் புல்வெளியை மேப் காட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அநேகமாக இதுதான் காரணம்: அயர்லாந்து கிராமங்களில் பல வீடுகளுக்குக் கதவு எண்ணும் இல்லை, தெருப் பெயரும் இல்லை. ஒரு டவுன்லேண்டில் (அங்கே முகவரியில் வரும் சிறு நிலப்பிரிவு) நாலைந்து வீடு இருந்தாலும் முகவரி ஒன்றேதான். மேப் அந்தப் பரப்பின் நடுவே புள்ளி வைத்துவிடும். 2015இல் வந்த ஏர்கோடு அப்படியில்லை. எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் 7 இடம் கொண்டது, வீட்டுக்கு வீடு தனி.

ஏர்கோடைப் போட்டதும் சாட்டிலைட் காட்சிக்கு மாற்றிப் பாருங்கள். புள்ளி ஒரு கூரைமேல் விழ வேண்டும். அப்புறம் புக்கிங் படத்தில் உள்ள கேட், கொட்டகை, கல்சுவர் எல்லாம் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஆஃப்லைன் மேப்பையும் இறக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. டிரலீ ஊரைத் தாண்டியதும் மேப் உங்களைக் கோனர் பாஸ் என்ற குறுகலான மலைப்பாதை வழியாக அனுப்பலாம். அங்கே ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் தாழ்ந்த சுவர். எதிரே கார் வந்தால் ஒருவர் பின்னால் எடுத்தே ஆக வேண்டும். 2 டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டிக்கு அனுமதியும் இல்லை. முதல் நாள், புது வாடகைக் காரில், இருட்டும் நேரத்தில் அது வேண்டவே வேண்டாம். அனஸ்கால் ஊர் வழியாக என்86 சாலையிலேயே போங்கள். கோனர் பாஸை வானம் தெளிவாக இருக்கும் ஒரு காலையில் போய்ப் பாருங்கள். மேலிருந்து ஏரிகளும் பிராண்டன் விரிகுடாவும் சேர்ந்து தெரியும்.