உண்ணல் கோளாறு, ஆளுமைக் கோளாறு: மனநல வார்டு செவிலியர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நோயாளியின் எடை சரியாகவே இருக்கிறது. ஆனால் சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறாரோ என்று சந்தேகம். எதைப் பார்க்க வேண்டும்?

அளவுமீறிச் சாப்பிட்டுவிட்டு, வாந்தி போன்ற வழிகளில் அதை வெளியேற்றும் கோளாறுதான் புலிமியா. இதில் எடை பெரும்பாலும் இயல்பாகத்தான் இருக்கும். கையைப் பாருங்கள். விரலைத் தொண்டைக்குள் விடும்போது மேல்பல் உரசி, விரல் மூட்டின் மேல்பக்கம் தோல் காய்த்துப்போயிருக்கும். 1979-இல் ஜெரால்ட் ரஸ்ஸல் விவரித்ததால் இதற்கு ரஸ்ஸல் குறி என்று பெயர். காதுக்கு முன்னால் இரு பக்கமும் வலியில்லாத வீக்கம், மேல் முன்பற்களின் உட்புறம் எனாமல் தேய்வு ஆகியவையும் துப்பு தரும். காய்ப்பு இல்லை என்று விட்டுவிடாதீர்கள். பழகியவர்களுக்கு விரல் தேவைப்படாது. அடிக்கடி வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் சரிந்து இதயத்துடிப்பு கெடலாம் என்பதால், பொட்டாசியமும் ஈ.சி.ஜி.யும் பார்த்தே ஆக வேண்டும். வாந்திக்குப் பின் உடனே பல் துலக்காமல், தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அனோரெக்சியா (எடை கூடும் பயத்தால் பட்டினி கிடந்து மெலியும் கோளாறு) நோயாளி இப்போதுதான் சாப்பிடத் தொடங்கினார். மூன்றாம் நாள் கால் வீங்கி, மூச்சு வாங்குகிறது. முதல் நாள் ரத்தப் பரிசோதனை நன்றாகத்தானே இருந்தது?

ரீஃபீடிங் சிண்ட்ரோமாக, அதாவது நீண்ட பட்டினிக்குப் பின் மீண்டும் சாப்பிடும்போது ரத்த உப்புகள் சரியும் ஆபத்தான நிலையாக இருக்கலாம். உடனே மருத்துவரை அழையுங்கள். பட்டினியில் உடலின் பாஸ்பேட் இருப்பு கரைந்திருந்தாலும் ரத்தத்தில் அளவு சரியாகவே காட்டும். மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் ஏறி, பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றையும் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். ரத்தத்தில் அவை சரிந்தால் இதயத்துடிப்பு தாறுமாறாகும், மூச்சுத் தசைகள் தளரும், வலிப்பும் வரலாம்.

பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 16-க்குக் கீழே, 10 நாளுக்கு மேல் கிட்டத்தட்ட எதுவும் சாப்பிடாதது, 3–6 மாதத்தில் 15 சதவீதத்துக்கு மேல் எடை இழப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலே அபாயம் அதிகம். இவர்களுக்குத் தயாமின் (வைட்டமின் பி1) முதல் உணவுக்கு முன்பே போக வேண்டும். தயாமின் இல்லாமல் குளுக்கோஸ் டிரிப் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். கலோரியைப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். முதல் சில நாட்கள் தினமும் ரத்தப் பரிசோதனை, படுத்தும் நின்றும் நாடி, ரத்த அழுத்தம். "சாப்பிட ஆரம்பித்துவிட்டார், இனி பயமில்லை" என்று ஹேண்ட்ஓவரில் (அடுத்த ஷிஃப்டிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது) சொல்வதுதான் மிக ஆபத்தானது. பயப்பட வேண்டிய நாட்களே அப்போதுதான் தொடங்குகின்றன.

கேள்வி: அனோரெக்சியா நோயாளிக்கு ஒரே இரவில் ஒரு கிலோ கூடியிருக்கிறது. நம்பலாமா?

ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தாலே ஒரு கிலோ கூடும். சிறுநீரின் அடர்த்தி எண் 1.005-க்குக் கீழே இருந்தால், எடையைக் கூட்டிக் காட்ட நிறையத் தண்ணீர் குடித்திருக்கலாம். சோடியமும் பாருங்கள், அது மிகவும் சரிந்தால் வலிப்பு வரலாம். காலையில், சிறுநீர் கழித்தபின், மருத்துவமனை கவுன் மட்டும் அணிவித்து, ஒரே தராசில் எடை எடுங்கள். குற்றம்சாட்டும் குரல் வேண்டாம். உண்மையிலேயே எடை கூடிவிடுமோ என்ற பயம்தான், சாப்பிடாமல் தண்ணீரால் எடையைக் காட்ட அவரைத் தூண்டுகிறது.

கேள்வி: எல்லைநிலை ஆளுமைக் கோளாறு (உணர்ச்சிகளும் உறவுகளும் நிலையில்லாமல் மாறும் கோளாறு) உள்ளவர், "நீங்கதான் நல்லவங்க, நைட் சிஸ்டர் ரொம்ப மோசம்" என்கிறார். என்ன பதில் சொல்வது?

பாராட்டையும் ஏற்க வேண்டாம், நைட் சிஸ்டரையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். "நேத்து ராத்திரி உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கு. நாங்க எல்லாரும் ஒரே திட்டப்படிதான் பார்த்துக்கிறோம்" என்றால் போதும். புகாரில் உண்மை இருக்கக்கூடும். அதைக் குழுவில் பேசுங்கள். ஒருவர் அனுமதித்ததை இன்னொருவர் மறுத்தால், 'நல்லவர், மோசமானவர்' என்று ஊழியர்களைப் பிரித்துப் பார்க்கும் இந்தப் பிளவு பெரிதாகும். கைவிடப்படும் அச்சம் இவர்களுக்கு அதிகம் என்பதால், டியூட்டி முடிவதையும் அடுத்து யார் வருகிறார் என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். கையை அறுத்துக்கொண்டால் திட்டாமல், பதறாமல் கட்டுப்போடுங்கள்; சாகும் எண்ணம் இருந்ததா என்று ஒவ்வொரு முறையும் நேராகவே கேளுங்கள். "நாடகம் போடுறா" என்ற பேச்சு எந்த வார்டிலும் இருக்கக் கூடாது.

கேள்வி: இவற்றுக்கு மருந்து உண்டா?

எல்லைநிலை ஆளுமைக் கோளாற்றுக்கென்றே தனி மருந்து இல்லை. உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய டி.பி.டி. (உணர்ச்சிகளைக் கையாளப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) போன்ற உளச் சிகிச்சைதான் அடிப்படை. பெரியவர்களின் புலிமியாவுக்கு ஃபுளுவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மருந்து தினம் 60 மி.கி. வரை தரப்படுகிறது. புலிமியா, அனோரெக்சியா இரண்டிலும் புப்ரோபியான் என்ற மனச்சோர்வு மருந்து கூடாது. வலிப்பு வரும் அபாயம் உண்டு. மருந்துச் சீட்டில் அந்தப் பெயர் இருந்தால், கொடுப்பதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள்.