பட்டியலின் புள்ளிக்கு மட்டும் தனி நிறம் தர முடியுமா?

இணையப் பக்கம் எழுதும் மொழியான எச்.டி.எம்.எல்.-ஐப் புதிதாகப் படிக்கும் ஒருவரின் கேள்வி இது. பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் ஃபான்ட் டேக் (எழுத்தின் நிறம், அளவைச் சொல்லும் குறி) போட்டு நிறம் கொடுத்தாராம். எழுத்து மாறுகிறது, முன்னால் நிற்கும் புள்ளி கறுப்பாகவே இருக்கிறது. அவருக்கு வேண்டியது நேர்மாறாக: எழுத்து கறுப்பு, புள்ளி சிவப்பு.

புள்ளி, பட்டியலின் ஒவ்வொரு வரியையும் குறிக்கும் எல்.ஐ. டேக்குக்குச் சொந்தம். ஃபான்ட் அதற்கு உள்ளே உட்கார்ந்திருப்பதால் அதன் கை எழுத்தோடு நின்றுவிடுகிறது. சரி, எல்.ஐ.க்கே சிவப்பு கொடுத்தால்? புள்ளியும் சிவக்கும், எழுத்தும் சேர்ந்து சிவக்கும். இதைச் சமாளிக்க, எல்.ஐ.க்குச் சிவப்பு கொடுத்துவிட்டு உள்ளே எழுத்தைச் சுற்றி ஒரு ஸ்பான் டேக் போட்டு எழுத்தை மறுபடி கறுப்பாக்குவோம். நாற்பது வரி இருந்தால் நாற்பது ஸ்பான். நானும் செய்திருக்கிறேன், விரல் வலித்ததுதான் மிச்சம்.

இப்போது அந்தப் பாடு வேண்டாம். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சி.எஸ்.எஸ்.-இல் எல்.ஐ. என எழுதி, இடைவெளி விடாமல் இரண்டு கோலன் (::) போட்டு மார்க்கர் என்று சேருங்கள் (li::marker). அதற்குள் கலர் சிவப்பு என்று ஒரே வரி. முடிந்தது. நிறம், எழுத்தின் அளவு, புள்ளிக்குப் பதிலாக வேறு குறி, இவற்றை மார்க்கர் கேட்கும். பின்னணி நிறம், பேடிங் (உள்பக்கம் விடும் இடம்) எல்லாம் கொடுத்தால் கண்டுகொள்ளாது. ஃபான்ட் டேக்கையோ 1997-இல் வந்த எச்.டி.எம்.எல். 4-லேயே ஒதுக்கச் சொல்லிவிட்டார்கள். இன்னும் பிரவுசர்கள் அதைப் புரிந்துகொள்கின்றன என்பதற்காகப் பழகிவிடாதீர்கள்.

பட்டியலுக்கு இடப்பக்கம் இருக்கும் 40 பிக்சல் இடம் பிரவுசர் தானாகக் கொடுக்கும் பேடிங். அதைப் பூஜ்யமாக்கினால் புள்ளி திரைக்கு வெளியே ஓடிவிடும். புள்ளி காணவில்லை என்றால் முதலில் அங்கே தேடுங்கள்.

நிறத்தில்தான் நான் நன்றாக மாட்டிக்கொண்டேன். பெரியம்மா வீட்டிலேயே முறுக்கும் அதிரசமும் செய்து விற்கிறார். அவருக்காக ஒரு விலைப்பட்டியல் பக்கம் செய்தேன்: வெள்ளைப் பின்னணி, பலகாரப் பெயர் மாம்பழ மஞ்சள், விலை வெளிர் சாம்பல். என் கணினியில் அழகாகத்தான் இருந்தது. பெரியம்மா வாசலில் போனைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வெயில்ல ஒண்ணுமே தெரியலடா" என்றார்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது, இணையப் பக்கங்களை எல்லோரும் படிக்க வழிசொல்லும் டபிள்யூ.சி.ஏ.ஜி. வழிகாட்டி. வெள்ளையில் #767676 என்ற நிற எண் கொண்ட சாம்பல் மயிரிழையில் தேறும். ஒரே ஒரு படி வெளுத்த #777777 தேறாது. விலைக்கு நான் #333333 வைத்தேன். மஞ்சளைப் புள்ளிக்கு மட்டும் விட்டுவைத்தேன், மார்க்கர் புண்ணியத்தில்.

பெயர் சொல்லியே நிறம் கொடுக்கலாம், ஆனால் பெயரை நம்பாதீர்கள். டார்க் கிரே என்று போட்டால் வெறும் கிரேயைவிட வெளுப்பாக வரும்! இரண்டு வெவ்வேறு பெயர்ப் பட்டியல்களைப் பின்னால் ஒன்றாகச் சேர்த்ததில் வந்த கோளாறு அது. அதனால் நான் எண்ணைத்தான் எழுதுவேன்.

அப்புறம், வரிசை எண் வேண்டுமென்றால் பட்டியலைச் சுற்றியுள்ள யூ.எல். டேக் இடத்தில் ஓ.எல். டேக் போடுங்கள். சி.எஸ்.எஸ்.-இன் லிஸ்ட் ஸ்டைல் டைப்பில் தமிழ் என்று ஆங்கில எழுத்தில் (tamil) கொடுத்தால் ௧, ௨, ௩ என்று தமிழ் எண்களே வரும். பத்தாவது வரிக்குப் பழைய ௰ வராது, ௧௦ என்றுதான் வரும். ஆசையாகப் பெரியம்மாவுக்கும் போட்டுக் காட்டினேன். "முறுக்குக்கு முன்னாடி எதுக்குடா 'க' போட்டிருக்க?" என்று கேட்டார். அன்றைக்கே எடுத்துவிட்டேன்.